வயதானவருக்குச் சைக்கிள் வாங்குமுன்: ஏறி இறங்குவதில் தொடங்கும் கணக்கு

2025 மே மாதத்தில், மயிலாடுதுறையில் இருக்கும் என் மாமனாரின் 68ஆவது பிறந்தநாளுக்காக இணையத்தில் ஒரு சைக்கிளை வாங்கி, முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பிவைத்தேன். முன்னால் சஸ்பென்ஷன், பின்னால் ஏழு கியர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்று படத்தில் கம்பீரமாகத் தெரிந்த அந்த வண்டியின் விலை 11,600 ரூபாய். "ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று அவர் தொலைபேசியில் சொன்னதோடு நானும் மகிழ்ந்துபோனேன். மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனபோது அது திண்ணையில் பழைய போர்வை போர்த்தி நின்றது. மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்று அவர் வாயைத் திறக்கவே இல்லை. மாமியார்தான் அடுக்களையில் என் மனைவியிடம், "காலைத் தூக்கிப் போட முடியல, ரெண்டு தடவை வண்டியோட சாஞ்சுட்டார்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்திருந்தது. பூட்டி ஓட்டிய வண்டியைத் திரும்பப் பெறும் வழக்கமும் இல்லை என்று விற்றவர்கள் கூறிவிட்டார்கள்.

அதன் பிறகு நான்கு மாதம் கடை கடையாகக் கேட்டு, அளந்து, ஓட்டிப் பார்த்து, அக்டோபரில் அதைவிடக் குறைந்த செலவில் வேறொரு வண்டி வாங்கினோம். இப்போது அவர் காலையில் மார்க்கெட்டுக்கும் மாலையில் கோயிலுக்கும் அதில்தான் போய்வருகிறார். நான் சுற்றிய சுற்றை நீங்கள் சுற்றாமல் இருக்க, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். இளமையில் சைக்கிள் ஓட்டி, பல ஆண்டுகள் விட்டுவிட்டு, இப்போது மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு நிதானமாக ஓட்ட விரும்பும் பெரியவர்களுக்கானது இது. இதுவரை ஓட்டியே பழகாதவருக்கு அறுபதைத் தாண்டிய வயதில் வண்டி வாங்கிக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1. வண்டியைப் பார்க்குமுன் ஆளைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது ஓட்டினார், எங்கே போவதற்கு வண்டி வேண்டும், எதை ஏற்றிவருவார். காய்கறிப் பையும் பால் பாத்திரமும் கொண்டுவருகிறவருக்குக் கூடையும் உறுதியான கேரியரும் தேவை. காலை நடைக்கு மாற்றாக ஓட்டுகிறவருக்கு அவை வெறும் பாரம்.

அடுத்தது உடல்நிலை. சுவரைத் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் நிற்கவைத்து, பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போதே சைக்கிள் ஓட்டலாமா, எந்த நேரத்தில் ஓட்டக் கூடாது என்று கேட்டுவிடுங்கள். தலைசுற்றல், கண்புரை, அண்மையில் செய்த முழங்கால் அறுவைசிகிச்சை ஆகிய எதையும் மறைக்காமல் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்குத் தனியாகச் செலவில்லை. தவறவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

2. அளவு எடுங்கள்

துணி தைக்க அளவு கொடுப்பதைப் போலவே சைக்கிளுக்கும் அளவு உண்டு. உயரத்தைவிடக் காலின் உள்ளளவு முக்கியம். வெறுங்காலுடன் சுவரில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்லி, ஓர் அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்தும் அளவுக்கு மேலே நிறுத்தி, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளக்க வேண்டும். ஐந்தடி நான்கு அங்குலம் உயரமுள்ள என் மாமனாருக்கு இது 74 சென்டிமீட்டர் வந்தது.

இந்த எண்ணை வைத்துத்தான் சீட்டின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும்; இங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருந்தால்தான் முழங்காலுக்கு நல்லது. சைக்கிள் பந்தய உலகில் பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கின்படி, காலின் உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் (இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 74 சென்டிமீட்டருக்கு அது சுமார் 65. பெடல் அச்சு தரையிலிருந்து 28 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சீட்டுத் தண்டின் சாய்வையும் கழித்து, சீட்டு தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். ஆனால் அந்த உயரத்தில் உட்கார்ந்தபடி அவரால் தரையில் கால் ஊன்றவே முடியாது. மாறாக, இரண்டு பாதமும் முழுதாகப் பதியும்படி சீட்டை 77 அளவுக்கு இறக்கிவிட்டால் ஏறுவதும் நிறுத்துவதும் எளிதாகும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மார்பை நோக்கி மடங்கி, பத்தே நாளில் வலி தொடங்கும்.

நாங்கள் கண்ட வழி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. முதல் இரண்டு வாரம் பாதம் முழுவதும் பதியும் உயரத்தில் வைத்து, வீட்டுத் தெருவில் மட்டும் ஓட்டச் சொன்னோம். தைரியம் வந்த பிறகு வாரத்துக்கு அரை அங்குலம் உயர்த்தி, இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்திவிட்டோம். ஆகவே கடையில் நீங்கள் தேட வேண்டியது, மிகத் தாழ்வாக இறக்கவும் பிறகு மூன்று நான்கு அங்குலமாவது உயர்த்தவும் இடம் தருகிற சீட்டுத் தண்டு. கடைக்கு டேப்பைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். விற்பனையாளர் சிரித்தாலும் பரவாயில்லை, என்னைப் பார்த்தும் சிரித்தார்.

3. எந்த வகை வண்டி

நடுவில் பார் இல்லாமல், முன்பக்கச் சட்டம் (ஃபிரேம்) தாழ்ந்து வளைந்து வரும் வண்டியை மட்டும் பாருங்கள். காலைப் பின்னால் சுழற்றி வீசாமல், முன்புறமாகவே தாண்டி ஏறலாம். சாய்ந்தாலும் கால் சிக்காமல் இறங்கலாம். எளிய வேலையாகத் தோன்றும் இதற்குத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. ஏனென்றால் கடைகளில் இதற்குப் பெயர் லேடீஸ் சைக்கிள். நாற்பது ஆண்டு 28 இஞ்ச் பார் வண்டியில், கேரியரில் நெல் மூட்டை கட்டி ஓட்டிய மனிதரிடம் இதை எடுத்துச் சொல்வது எளிதன்று. நான் சொன்னபோது மாமனார் பதிலே பேசவில்லை. கடைக்காரர், வாசலில் நின்ற ஒரு கறுப்பு நிற வண்டியைக் காட்டி, "ஐயா, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் பெரிய வண்டிக்குள்ளதுதான், ஒருதரம் ஏறிப் பாருங்க" என்றதும் ஏறிவிட்டார். நிறமும் பெயரும் மட்டுமே தடையாக இருந்தால், பூப்போட்ட ஸ்டிக்கர் இல்லாத அடர்நிற வண்டியாகக் கேளுங்கள்.

சக்கர அளவில் ஐந்தடி மூன்றுக்கு மேல் உள்ளவர்களுக்கு 26 இஞ்சும், அதற்குக் குறைந்தவர்களுக்கு 24 இஞ்சும் பெரும்பாலும் பொருந்தும். இதில் ஒரு பொறி உண்டு: 26 என்று எழுதிய எல்லாச் சக்கரங்களும் ஒன்றல்ல. 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதிய மெல்லிய டயரும், 26 x 1.95 என்று தசமத்தில் எழுதிய தடித்த டயரும் வெவ்வேறு விட்டமுள்ள ரிம்களுக்கு உரியவை. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 590 அல்லது 559 என்று முடியும் எண் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெரியவர் இருக்கும் ஊரில் பஞ்சர் ஒட்டும் கடையில் எந்த அளவு எளிதாகக் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. மயிலாடுதுறையில் நாங்கள் கேட்ட கடைகளில் மெல்லியது உடனே கிடைத்தது. தடித்ததற்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

கியர் தேவையா என்பது ஊரைப் பொறுத்தது. காவிரிக் கழிமுகம் உள்ளங்கை போலச் சமதளம். அங்கே பாலத்து ஏற்றத்தைத் தவிர ஏற்றமே இல்லை. மிதிப்பது கனமாக இருக்கிறது என்றால் கியர் வண்டிக்குப் போகாமல், பின்சக்கரத்து ஃப்ரீவீலை (செயின் ஓடும் பல்சக்கரம்) மட்டும் மாற்றலாம். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள வண்டியில் ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய 2.4 சுற்றுச் சுற்றும். பின்னால் 22 பல் போட்டால் சரியாக 2 சுற்று. வேகம் குறையும், கால் இலகுவாகும். எங்களுக்கு இதற்கு ஆன செலவு கூலியோடு 180 ரூபாய். இந்த ஒரு மாற்றத்தை எந்தக் கடைக்காரரும் தாமாகச் சொல்லவில்லை. ஓர் ஓரத்துப் பஞ்சர் கடைக்காரர்தான் சொன்னார். கோத்தகிரி, ஏற்காடு போன்ற மலையூர்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

முன் சஸ்பென்ஷன் இந்த விலையில் வெறும் எடை. டிஸ்க் பிரேக்கைவிட, ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக்கை எந்த ஊர்க் கடையிலும் சரிசெய்துகொள்ளலாம். விரல் மூட்டு வலி உள்ளவராக இருந்தால், பிரேக் பிடியை அவரே ஒருமுறை முழுதாக அழுத்திப் பார்க்கட்டும். மூன்று சக்கர வண்டி பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள். நிற்கும்போது அது உண்மை, திருப்பத்தில் அது உடலோடு சாயாததால் சற்று வேகமாகத் திரும்பினாலும் கவிழப் பார்க்கும், சந்துக்குள்ளும் நுழையாது. மின்சார சைக்கிளில் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்பது விதி. ஆனால் விலையும் எடையும் இந்தக் கட்டுரையின் எல்லையைத் தாண்டுவதால் அதை விட்டுவிடுகிறேன்.

4. வீட்டில் ஏற்கெனவே ஒன்று நிற்கிறதா

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ பதினோராம் வகுப்புப் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், விலையில்லாச் சைக்கிள் ஒன்று கொல்லையில் துருவேறிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. மாணவிகளுக்குக் கொடுத்த வண்டி பார் இல்லாதது. பெரியவர்களுக்குத் தேவையானதும் அதுதான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தம் அம்மாவுக்கு அப்படி ஒன்றை மீட்டுக் கொடுத்தார்: இரண்டு டயர் 700, இரண்டு டியூப் 240, பிரேக் கட்டையும் கம்பியும் 150, அகலமான சீட்டு 450, ஓவராயில் (முழுதாகப் பிரித்துச் சுத்தம்செய்து பூட்டும்) கூலி 400, ஆக மொத்தம் 1,940 ரூபாய். சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தாலோ ரிம் அரித்திருந்தாலோ இந்த வழியை நாடாதீர்கள்.

வெளியாரிடம் பழைய வண்டி வாங்குவதானால் பழைய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால், விற்பவரின் பெயர், முகவரி, வண்டியின் சட்ட எண் (ஃபிரேம் நம்பர்), தொகை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கி, அவருடைய அடையாள அட்டையின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். சட்ட எண் பெரும்பாலும் பெடல் அச்சின் அடிப்பகுதியில் குத்தப்பட்டிருக்கும். அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது குற்றம். தெரியாது என்று காவல்நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை அறுபத்தெட்டு வயதில் யாருக்கும் வேண்டாம்.

5. செலவுக் கணக்கு

சைக்கிளின் விலையை மட்டும் வைத்துப் பணம் எடுத்துச்சென்றால் பாதியில் நிற்க நேரும். 2025 அக்டோபரில் எங்களுக்கு ஆனது இது: கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர், பெல் ஆகியவற்றோடு வண்டி 6,200, ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு 450, ஃப்ரீவீல் மாற்றம் 180, முன்கூடை 300, வலப்பக்கக் கண்ணாடி 150, முன்பின் விளக்குகள் 350, பூட்டு 200, தலைக்கவசம் 700. கூட்டினால் 8,530 ரூபாய். இவற்றில் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது வயதானவர்களுக்குக் கடினம். திரும்பும்போதே ஹேண்டில் பாரும் சேர்ந்து திரும்பிவிடும்.

சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பழைய விலைச் சீட்டையே காட்டும் கடையில் இதைச் சொல்லிக் கேளுங்கள். "பில் வேண்டுமானால் வரி தனி" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது, அதற்கு மேல் வரி என்று தனியாகக் கேட்க முடியாது.

6. கடையில் அரை மணி நேரம்

ஓட்டப்போகிறவர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். அவர் வழக்கமாகப் போடும் செருப்போடும் வேட்டியோடும் வரட்டும். பேன்ட் போட்டுப் பார்த்து வாங்கிய வண்டியில் வேட்டி செயினில் சிக்குவதைப் பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள். கடையும் அவர் வசிக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும். சென்னையில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்று வாங்கி ஊருக்கு அனுப்பினால், அனுப்பும் கூலியும் போகும் வழியில் நெளியும் மட்கார்டும் அந்த ஐந்நூறை விழுங்கிவிடும், இலவசச் சர்வீசும் கிடைக்காது.

ஏறி, நின்று, பத்தடி ஓட்டி, பிரேக் பிடித்து, இறங்கச் சொல்லுங்கள். இறங்குவதைக் கூர்ந்து கவனியுங்கள். ஏறுவதில் வராத தடுமாற்றம் பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். எந்தப் பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பார்த்து, அவருக்குப் பழகிய மாதிரி இல்லாவிட்டால் கம்பியை மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஹேண்டில் பார் சீட்டைவிடச் சற்று உயரத்தில் இருந்தால் முதுகு நிமிர்ந்திருக்கும். ஆனால் அதன் தண்டில் குறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. ஸ்டாண்டு ஒற்றைக் காலா இரட்டைக் காலா என்பதும் முக்கியம்: கேரியரில் பை கட்டும்போது இரட்டை ஸ்டாண்டுதான் நிலையாக நிற்கும், ஆனால் அதைப் போடுவதற்கு வண்டியைப் பின்னால் இழுத்துத் தூக்க வேண்டும். இடுப்பு வலி உள்ளவரென்றால் பக்க ஸ்டாண்டே மேல்.

இணையத்தில்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வண்டி பெரும்பாலும் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். ஹேண்டில் பார், முன்சக்கரம், பெடல், சீட்டு ஆகியவற்றை நீங்களே பூட்ட வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றுவது. அது தெரியாமல் வலிந்து முறுக்கினால் மரை போய், பெடல் தண்டையே மாற்ற வேண்டிவரும். முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) பின்பக்கம் திருப்பிப் பூட்டி ஓட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இருநூறு முந்நூறு கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் பூட்டிக்கொள்ளுங்கள். அதுவும், ஆள் ஏறிப் பார்க்கும் வரை பெட்டியையும் அட்டைகளையும் எறியாமல்.

7. வாங்க வேண்டிய தாள்கள்

சாதாரண சைக்கிளுக்குப் பதிவோ உரிமமோ கிடையாது என்பதாலேயே பலர் பில்லைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உண்மையில் வண்டி உங்களுடையது என்பதற்கு அந்த ஒரு தாளைத் தவிர வேறு சான்றே இல்லை. பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், வண்டியின் மாதிரிப் பெயர், சட்ட எண், தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள். சட்ட எண் இல்லாத பில்லைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். சட்டத்துக்குத் தரும் உத்தரவாதக் காலமும் டயர், பிரேக் கட்டை போன்ற தேய்மானப் பொருள்களுக்கான விதியும் வேறுவேறாக இருக்கும் என்பதால் பின்பக்கத்தையும் படியுங்கள். பில்லையும் சட்ட எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து, பிள்ளைகள் யாருக்காவது அனுப்பிவையுங்கள். பில் தர மறுத்தாலோ உத்தரவாதத்தில் தகராறு வந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

8. எப்போது வாங்குவது

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தைத் தவிருங்கள். கடையில் பிள்ளைகள் கூட்டம் நெரியும். மெக்கானிக் அவசரத்தில் பூட்டிக் கொடுப்பார். பெரியவர் நிதானமாக ஏறி இறங்க இடமே இருக்காது. ஆடியில் தள்ளுபடி உண்டு, ஆனால் ஆடியில் வண்டி எடுக்க மாட்டேன் என்று என் மாமனாரைப் போல மறுப்பவர்களிடம் வாதாட வேண்டாம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாள்களில் விலையும் பேசலாம், கூட்டமும் தாங்கும். ஆனால் டெல்டாப் பகுதியில் அதையடுத்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பழகுவதற்குக் காய்ந்த தெரு வேண்டுமென்றால் தைப் பொங்கலுக்குப் பிறகு வாங்குவது மேல். எங்களுக்கு மழையால் பழகும் நாள்கள் இரண்டு வாரத்திலிருந்து ஐந்து வாரமாக நீண்டன.

நாளில் எந்த நேரம் என்று கேட்டால், வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு மேல். அன்று இராகு காலம் எப்போது என்பதை மட்டும் நாட்காட்டியில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கடைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

9. முதல் ஒரு மாதம்

புது வண்டியின் பிரேக் கம்பி சில நாளில் நீளும், சக்கரத்துக் கம்பிகள் இளகும், பெடலும் ஹேண்டில் பாரும் ஆடத் தொடங்கும். எனவே முப்பது நாளுக்குள் இலவசச் சர்வீசுக்குக் கொண்டுபோய், எல்லா மரைகளையும் முறுக்கி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து வாங்குங்கள். பலர் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று இதைத் தவறவிட்டு, பிறகு கூலி கொடுக்கிறார்கள். காற்றழுத்தம் எவ்வளவு என்று டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும்; அகலச் சீட்டின் மூக்கு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாயாமல் கிடைமட்டமாக இருக்கட்டும்.

சீட்டை உயர்த்துவது, கண்ணாடியைத் திருப்புவது போன்றவற்றை, வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லும் வரை காத்திராமல் நீங்களே வாரம் ஒருமுறை கேளுங்கள். மாப்பிள்ளையிடமோ மருமகளிடமோ குறை சொல்லத் தயங்குகிறவர்கள் மாமியாரிடமோ பேரப்பிள்ளையிடமோ சொல்லியிருப்பார்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் சீட்டு இன்னும் கால் அங்குலம் இறங்க வேண்டும் என்ற செய்தி அந்த வழியாகத்தான் எனக்கு வந்தது. முதலில் வாங்கிய கியர் வண்டியை என் மைத்துனர் மகன் கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறான்.